கொறஞ்சபட்சம் இருபத்தெட்டு

இருபத்தெட்டாம். திருமூர்த்தி வாய்க்குள்ளயே அதை மூணு விதமாச் சொல்லிப் பாத்தாரு. பந்திக்கு எலை எண்ற சித்தப்பா மாதிரி ஒரு தடவை, டிவியில தங்கம் வெலை வாசிக்கிற பொண்ணு மாதிரி ஒரு தடவை, கடைசியா ஆபீசுல கூட வேலை பாக்கற பவதாரிணி சொன்ன மாதிரியே, கழுத்தை லேசா இடப்பக்கம் சாச்சு, பேனா மூடியை கன்னத்துல தட்டிக்கிட்டு, "மினிமம் இருபத்தெட்டு சார்"னு. எப்பிடிச் சொன்னாலும் வயிறு ஒரே மாதிரிதான் எரிஞ்சுது. எதுத்தாப்புல ஸ்டோர் ரூமுல இருந்து தூசி தட்டி எடுத்துட்டு வந்த பழைய கம்ப்யூட்டரு, ஆஸ்துமாக்காரன் மாடிப்படி ஏறற மாதிரி விசிறி சுத்திட்டு இருந்துச்சு. கருப்புத் திரையில வெள்ளை எழுத்து வரி வரியா ஏறுது. நாலு சதவீதம். மணி ரெண்டே கால். நாலு மணிக்கு ரிலீசைப் பூட்டிருவாங்க, பூட்டிட்டா ஒரு எழுத்து மாத்த முடியாது, அடுத்தது ஒன்றரை மாசம் கழிச்சு. இந்த மிஷின்ல பழைய டூலை வெச்சு, பழைய அஞ்சாவது வெர்ஷனை வெச்சு, பில்டு முழுசா ஓடி முடிஞ்சுதுன்னா அந்த இருபத்தெட்டை அழிச்சர்றேன்னு அந்தப் பொண்ணே சொல்லிருக்குது. சொல்லிருச்சில்ல. இப்ப பாக்கட்டும். சும்மா நாக்காலியில ஒக்காந்து நம்பர் போடறதுக்கு இது என்ன ஹவுசி வெளையாட்டா.

பில்டுன்னா பெரிய வித்தை ஒண்ணுமில்ல. மனுசன் எழுதின ஆயிரத்து முன்னூறு பைலை ஒரு டூலு வரிசையாப் படிச்சு, ஒண்ணோட ஒண்ணு கோத்து, மிஷினுக்குப் புரியற ஒரே மூட்டையாக் கட்டிக் குடுக்கும். அந்த டூலுக்கு வருசத்துக்கு ரெண்டு மூணு புது வெர்ஷன் வரும். அதனால பைலோட மொத வரியிலயே எழுதி வெச்சிருவாங்க: உன்ற டூலு கொறஞ்சபட்சம் இத்தனாவது வெர்ஷனாச்சும் இருக்கோணும், இல்லாட்டி உள்ள வராதே. வாசல்ல நிக்கிற செக்யூரிட்டி மாதிரி அந்த வரி. அதுக்கு மனுசக் குரல் குடுத்தா எப்பிடி இருக்கும்னு திருமூர்த்திக்கு ஒம்பது வருசமாத் தெரியும், அவரே வீட்டுல பண்ணிக் காட்டுவாரு, தொண்டையைக் கரகரன்னு வெச்சுக்கிட்டு, "எங்க போறீங்க. யாரைப் பாக்கணும். வெர்ஷன் என்ன. இல்லீங்க, இதுக்கு விட முடியாது, மேல எடத்துல சொல்லிட்டு வாங்க." ஒம்பது வருசத்துக்கு முன்னாடி அந்தச் செக்யூரிட்டியை வாசல்ல நிறுத்துனதே இவருதான். கொறஞ்சபட்சம் அஞ்சுன்னு சொல்லி நிறுத்துனாரு. ஒருத்தரையும் திருப்பி அனுப்பாம நின்னான் அவன், தங்கமான ஆளு. போன வாரம் பவதாரிணி வந்து அவன் காதுல இருபத்தெட்டுன்னு ஓதிருச்சு. அவ்வளவுதான், அவனும் மாறிட்டான். ஏம்மா, இருபத்தேழுல எது ஓட மாட்டேங்குதுன்னு கேட்டாரு. தெரியல சார்னுச்சு. சரி, இருபதுல? தெரியல சார். பின்ன எதை வெச்சும்மா இருபத்தெட்டு? என் லேப்டாப்புல இருபத்தெட்டு இருக்கு சார், அதுல நல்லா ஓடுது. நல்லா ஓடுதாம். எனக்குச் செருப்பு சைசு எட்டு, அதனால இந்த ஊருக்குள்ள வர்றவனுக்கெல்லாம் கொறஞ்சபட்சம் காலு எட்டு இருக்கோணும். ஏழாம் நம்பர் காலை வெச்சுக்கிட்டு எவனாச்சும் அவினாசி ரோட்டுல நடந்தா சொல்லுங்க, வெட்டிருவோம்.

ஒம்பது சதவீதம். இந்தக் கொறஞ்சபட்சம்ங்கிற வார்த்தையே அவருக்கு ஆகாது. இருபத்திரெண்டு வயசுல போலீஸ் செலக்சனுக்குப் போயி, ஆயிரம் பேரோட வெயில்ல நின்னு, சட்டையைக் கழட்டி அந்த மரக்கம்பத்துல முதுகை ஒட்டி நின்னப்ப, மேல இருந்து ஒரு கட்டை எறங்கி மண்டையில ‘டொக்’னு வந்து ஒக்காந்துச்சு. அளந்த ஏட்டு அண்ணாந்து பாத்தாரு. ஒரு சென்டிமீட்டர் பத்தல, போப்பா. அந்த ஏட்டு இவரு தோளுக்குக் கீழதான் இருந்தாரு. குதிச்சுத்தான் கட்டையை எறக்குனாரு. அந்த ஆளு கள்ளனைப் புடிச்சிருக்க மாட்டாரா. புடிச்சிருப்பாரு. நானும் புடிச்சிருப்பேன். அந்த ஒரு சென்டிமீட்டருக்குள்ள எந்தக் கள்ளன் ஒளிஞ்சிருந்தான்னு இருபத்தஞ்சு வருசமா அவரு கேட்டுக்கிட்டு இருக்காரு, ஒருத்தரும் பதில் சொல்லல. அதுக்கப்பறம் வேலைக்கு விளம்பரம் பாத்தாரு, ஒரு சாப்ட்வேருல பத்து வருச அனுபவம் கேட்டிருந்தாங்க, அந்தச் சாப்ட்வேரு பொறந்தே ஆறு வருசந்தான் ஆயிருந்துச்சு. போன தீவாளிக்கு கேஸ் புக் பண்ணலாம்னு போனை எடுத்தா, உங்க போன் பழசு, இந்த ஆப்பு ஓடாதுன்னு ஒரு மஞ்சள் பொட்டி. ஏன்டா, சிலிண்டர் கேக்கறவனுக்கு எதுக்குடா புதுப் போனு, சிலிண்டரென்ன போனுக்குள்ளயா வரப் போவுது. அன்னிக்கு வீட்டுக்காரம்மா பக்கத்து வீட்டுப் போன்ல புக் பண்ணாங்க. பண்ணிட்டு வந்து, "அவங்க போன்ல ஓடுச்சுங்க"ன்னு சொன்ன மொகத்தை நெனச்சா இப்பவும் பத்திக்கிட்டு வருது.

இந்தக் கம்பெனி பண்றது போனுக்கு ஆப்பு இல்ல. முட்டைக்கு. சரவணம்பட்டியில ரெண்டு மாடி, அதுக்குள்ள முப்பத்தெட்டுப் பேரு, தமிழ்நாட்டுல நூத்திப்பத்து ஹேச்சரிக்கு கண்ட்ரோலரு. ஹேச்சரின்னா கோழிக்குஞ்சு பொரிக்கிற எடம். ரூம் ரூமாப் பெரிய பொட்டி, செட்டர்னு பேரு, ஒரு பொட்டிக்குள்ள அம்பதாயிரம் முட்டை. சூடு இத்தனை, ஈரம் இத்தனைன்னு நிமிசத்துக்கு நிமிசம் பாத்துப் பாத்து விசிறியைப் போடறது, தண்ணியைத் தெளிக்கிறது எல்லாம் இவங்க சாப்ட்வேருதான். சூட்டையும் ஈரத்தையும் அளந்து சொல்றதுக்கு ஒவ்வொரு ஹேச்சரியிலயும் ஒவ்வொரு கம்பெனி சென்சார் கார்டு. அதனால இங்க இருந்து கட்டி அனுப்பறதில்ல, பைலை அனுப்பிருவாங்க, அங்க இருக்கறவங்க அவங்க கம்ப்யூட்டருலயே கட்டிக்குவாங்க. ஆரம்பத்துல இருந்தே அப்பிடித்தான் பழக்கம். அதனாலதான் அந்த மொத வரி வெறும் வரி இல்ல. இங்க ஒரு நம்பரை மாத்துனா, பரமத்தி வேலூர் பக்கம் ஒரு செட்டரு முன்னாடி மரகதம்னு ஒருத்தரு கையைப் பெசஞ்சுக்கிட்டு நிப்பாங்க.

மரகதம் காத்தால எட்டரைக்கே கூப்பிட்டுட்டாங்க. ஹேச்சரி சூப்பர்வைசரு, டிப்ளமா படிச்சவங்க, இந்த நூத்திப்பத்துல பில்டைத் தானா ஓட்டத் தெரிஞ்ச ஏழெட்டுப் பேர்ல ஒருத்தரு. போனை எடுத்தாலே பின்னால விசிறி இரையறது கேக்கும், அதுக்கு மேல கத்திப் பேசிப் பேசி அவங்களுக்குக் கொரலே அப்பிடி ஆயிருச்சு. "ஏனுங் சார், அந்த ஈரத்துக்குச் சரி பண்ணது இன்னிக்கு வந்துருமுங்களா?" வந்துருமுங்க மரகதம். "போன தடவையாட்ட ஆயிரக் கூடாதுங் சார். இருவதாம் நாளு ஓட்டை ஒடச்சுப் பாத்தா உள்ளயே ஒட்டிட்டு செத்துக் கெடக்குதுங்க. மூக்கு மட்டும் ஓட்டைக் கொத்தி வெளிய வந்திருக்குது, அதுக்கு மேல சீவனில்ல. ஆறாயிரம். நானே அள்ளிக் கொட்டுனேனுங்க." தெரியுமுங்க. விசிறி நின்னு திரும்ப ஓடறப்ப பழைய ஈர அளவையே பத்து நிமிசம் காமிச்சுக்கிட்டு இருந்துச்சு சாப்ட்வேரு, பொட்டிக்குள்ள காஞ்சு போனது தெரியாம தண்ணி விடாம இருந்துருச்சு. அதைக் கண்டுபுடிச்சதே மரகதந்தான், ஒரு சாதா ஈரமானியைக் கண்ணாடிக்குள்ள தொங்க விட்டு, நோட்டுல எழுதி, போட்டோ எடுத்து அனுப்புனாங்க. இப்பச் சரி பண்ணியாச்சு. நாளைக்குக் காத்தால ஆறு மணிக்கு அடுத்த அம்பதாயிரத்தை வெக்கிறாங்க. முட்டையெல்லாம் குளுரு ரூமுல காத்துக்கிட்டு இருக்குது, அதுக்கு மேல தள்ளுனா கெட்டுப் போயிரும். அவங்க கம்ப்யூட்டருல டூலு பத்தாவது வெர்ஷன். புதுசு போட முடியாது, போட்டா அந்தச் சென்சார் கார்டு செத்துரும், கார்டு பண்ண கம்பெனிக்காரன் கடையைச் சாத்திட்டு எந்தூருக்குப் போனானோ. ஒருக்கா போட்டுப் பாத்து மூணு நாளு கையில பல்பை மாத்தி மாத்திச் சூடு பாத்தாங்களாம். இந்த லட்சணத்துல இங்க ஒரு லேப்டாப்பு இருபத்தெட்டுங்குது.

முப்பத்திரெண்டு சதவீதம். ஓடு ராசா. மேனேஜரு ரெஜினால்டு சார்கிட்டப் போயி சொன்னா அவரு ஒரு நாளும் பாதிக்கு மேல கேக்க மாட்டாரு, ரெண்டு கையையும் தொழுவுற மாதிரி சேத்து வெச்சுக்கிட்டு, "பேசிக்கலி திரு, நாம முன்னாடி போகணும். பேசிக்கலி, பழசைக் கட்டிக்கிட்டு அழக் கூடாது." யாரு அழுதா. அழுவறது மரகதம். நான் கத்தறேன், ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாதா. அங்கதான் பவதாரிணி கேட்டுச்சு, மரியாதையாத்தான் கேட்டுச்சு, அதுதான் இன்னும் எரிச்சலு. "சார், அஞ்சுல ஓடும்னு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" ஒம்பது வருசமாத் தெரியும்மா. "இல்ல சார், எப்பிடின்னு கேட்டேன்." எப்பிடின்னா. எப்பிடின்னு கேட்டா என்ன அர்த்தம். உங்கப்பாதான் உங்கப்பான்னு எப்பிடித் தெரியும்னு உன்னைக் கேட்டனா. அதைச் சொல்லல. நாக்கு நுனி வரைக்கும் வந்ததை முழுங்கிட்டு, "அஞ்சுலயே ஓட்டிக் காமிக்கிறேன்"னு சொல்லிட்டு எந்திரிச்சு வந்து, இந்த மிஷின்ல மட்டும் அந்த மொத வரியைத் திரும்ப அஞ்சாக்கி ஓட விட்டாரு. மரகதத்துகிட்ட இருக்கறது பத்து, பத்துல ஓட்டிக் காட்டுனாலே போதும், கதை முடிஞ்சுது. ஆனா அஞ்சுன்னு எழுதுனவன் அஞ்சுல காமிக்கோணுமில்ல. பத்துல காமிச்சா அதுக்கு வேற பேச்சு வரும், சார் அப்ப அஞ்சு என்ன ஆச்சுன்னு கழுத்தைச் சாய்க்கும். ஆறு மாசத்துக்கு முன்னாடி சேந்த பொண்ணு. இருபத்தாறு வயசு. எம் பொண்ணுக்கு ஏழு வருசந்தான் மூத்தது. அதுக்கென்ன, வயசுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம், வயசை யாரு பேசுனா.

வயசை யாரும் பேசல. எச்ஆருல இருந்து ஒரு மெயில் வந்துச்சு, அவ்வளவுதான், எல்லாருக்கும் வந்ததுதான், இந்த வருசத்துக்குள்ள எல்லாரும் இன்னின்ன கோர்ஸ் முடிச்சிருக்கோணும், கொறஞ்சபட்சத் தகுதின்னு தலைப்பு. நாப்பத்தேழு. தலையில இருந்து கால் வரைக்கும் பழைய வெர்ஷன். ஒரு நாளு காத்தால வந்து வாசல்ல அட்டையைத் தேய்ச்சா, ‘கீ’ன்னு செவப்பு லைட்டு எரிஞ்சு, எங்க போறீங்க, யாரைப் பாக்கணும்னு. அந்தக் கொரலு இந்தத் தடவை அவருக்கே சிரிப்பா வரல. காலுக்கடியில ஏசி காத்து குளுந்து குளுந்து வந்துட்டு இருந்துச்சு, காலை மடக்கி நாக்காலிக்கு மேல போட்டுக்கிட்டாரு. அம்பத்தொண்ணு. பாதி தாண்டிருச்சு. இதுக்கு மேலதான் சென்சார் பைலுக. இந்தச் சென்சார் பைலுகளை அவரு கையாலயே அடுக்குனாரு. ஒரு சனிக்கெழமை. சனிக்கெழமையா. ஆமா, மூணு வருசத்துக்கு முன்னாடி, எல்லாத்தையும் கடைசியில பொட்டலமாக் கட்டற வேலை ரொம்ப இழுத்துச்சு, அதைச் சுருக்கமா ஒரே வரியில, அது கெடக்கட்டும். நல்ல வேலை அது. எல்லாரும் கை தட்டுனாங்க. அன்னிக்கு மத்தியானம் அரிசிம்பருப்புச் சாப்பாடு, நெய்யி தாராளமா ஊத்தியிருந்தாங்க. அந்த ஒரே வரி டூலுல புதுசா வந்த ஒரு வசதி, புதுசுன்னா எப்பப் புதுசு. என்ன ஒரு கேள்வி. அவருக்கு அப்பப் புதுசு.

புதுசை யாரும் வேண்டாங்கல. அதைத்தான் ரெஜினால்டு சாரும் புரிஞ்சுக்க மாட்டேங்கிறாரு. புதுசு வெச்சுக்கோ, தலையில வெச்சுக்கிட்டுக் கூத்தாடு. ஆனா ‘கொறஞ்சபட்சம்’னு எழுதறப்ப, அதுக்குக் கீழ ஓடாதுன்னு சொல்ற. ஓடாதுன்னு சொல்றதுன்னா ஓட்டிப் பாத்துட்டுச் சொல்லோணும். சோத்துக்கு உப்பு பத்தலைன்னு சொல்றவன் ஒரு வாயாச்சும் தின்னு பாத்திருக்கோணுமா வேண்டாமா. இலையில கையே வெக்காம, எங்க வீட்டுல உப்பு இத்தனை போடுவோம், அதுக்குக் கொறைஞ்சா சோறே இல்லைன்னு எந்திரிச்சுப் போனா அவனை என்னன்னு சொல்றது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, பழசுல ஓட்டிப் பாத்தியா நீயி? நாளைக்கு பவதாரிணிகிட்ட இதையே கேக்கோணும், ஆனா இந்த மாதிரி கத்தி இல்ல, மெதுவா, நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவுல ஒரு மூச்சு விட்டு. ஓட்டி. பாத்தியா. நீயி. அது நல்லா இருக்கும். எழுபத்தாறு. பாத்தீங்களா ரெஜினால்டு சார், பேசிக்கலி, எழுபத்தாறு. அஞ்சாவது வெர்ஷனு, பொறந்து பதினோரு வருசம், கெழட்டு எருது, இழுக்குதா இல்லையா. எண்பத்தி மூணு. மூக்கை வெளிய நீட்டிருச்சு குஞ்சு. இன்னும் கொஞ்சந்தான், கொத்து சாமி. அந்தச் சனிக்கெழமை சாப்பிட்டு வந்து அந்த வரியை எழுதுனப்ப அவரு லேப்டாப்புல எத்தனாவது வெர்ஷன் இருந்துச்சு. எட்டு. இல்ல, ஒம்பது. எதுக்கு இப்ப அது. எண்பத்தொம்பது. தொண்ணூத்தி ஒண்ணு. தொண்ணூத்தி ஒண்ணு. தொண்ணூத்தி ஒண்ணு.

செவப்புல ஒரு வரி. அதுக்குக் கீழ இன்னொரு வரி, இப்பிடி ஒரு வசதி எனக்குத் தெரியாதுன்னு. விசிறி சத்தம் தானாக் கொறைஞ்சு, ரூமு திடீர்னு பெருசான மாதிரி இருந்துச்சு. பொட்டலம் கட்டற வரி. சனிக்கெழமை வரி. அது ஏழாவது வெர்ஷன்லதான் வந்துச்சுன்னு டூலோட புஸ்தகத்துல போட்டிருக்குது, அதை இப்பத்தான் தொறந்து பாக்கறாரு, மூணு வருசம் கழிச்சு. மூணு வருசமா மொத வரியில அஞ்சுன்னு எழுதியிருந்துச்சு, அதே பைலோட கடைசியில அஞ்சுக்குத் தெரியாத சங்கதி ஒண்ணு கெடக்குது, ரெண்டையும் எழுதுனது ஒரே கை. அஞ்சாவது வெர்ஷன் வெச்சுக்கிட்டு எவனாச்சும் வந்திருந்தா, வாசல்ல அந்தத் தங்கமான செக்யூரிட்டி, வாங்க வாங்கன்னு உள்ள விட்டிருப்பான். முக்கா மணி நேரம் ஓட விட்டு, தொண்ணூத்தி ஒண்ணுல கழுத்தை நெரிச்சிருப்பான். இருபத்தெட்டாச்சும் வாசல்லயே மூஞ்சிக்கு நேராச் சொல்லிரும். ஒருத்தனும் வரல, அதனால யாருக்கும் தெரியல, அவ்வளவுதான் இந்த ஒம்பது வருசப் பெருமை. அஞ்சுங்கிறது என்ன நம்பரு. அன்னிக்கு அவரு லேப்டாப்புல இருந்த நம்பரு. அதுல நல்லா ஓடுச்சு. நாளைக்குன்னு எடுத்து வெச்ச அந்த வசனம், மூச்சு விட்டு மூச்சு விட்டுச் சொல்லலாம்னு வெச்சது, இப்பவே வந்து நின்னுச்சு, அவரு கொரல்லயே, ஒரு எழுத்து பெசகாம. ஓட்டி. பாத்தியா. நீயி. இத்தனை வருசம் ஊர்ல இருக்கற அத்தனை பேர் கொரலையும் புடிச்சவருக்கு, தன் கொரலு இத்தனை கர்வமா இருக்கும்னு தெரியாமப் போச்சு.

மணி ரெண்டு அம்பத்தெட்டு. யாரும் பாக்கல. அதுதான் மொதல்ல தோணுச்சு. கதவு சாத்தியிருக்குது, பவதாரிணி மேல் மாடியில இருக்குது. இந்தத் திரையைத் தொடைச்சுட்டு, அஞ்சை எடுத்துட்டு, கமுக்கமாப் பத்தாவது வெர்ஷனைப் போட்டு ஓட்டுனா நாலுக்குள்ள முடிஞ்சிரும். ஓடி முடிஞ்சதை மட்டும் காமிக்கலாம். எத்தனாவது வெர்ஷன்னு கேட்டா, பழசும்மான்னு சொல்லலாம், பொய்யும் இல்ல. பொய் இல்லதான். ஆனா அது கேக்கும். "இல்ல சார், எத்தனைன்னு கேட்டேன்"னு கேக்கும், அது ஒண்ணு கேட்டா முடிவு வரைக்கும் கேக்கற பொண்ணு. கேக்காட்டியும்? கேக்காம, நம்பி, அந்தப் பழைய அஞ்சைத் திரும்ப வாசல்ல நிறுத்திட்டுப் போச்சுன்னா? அப்ப அடுத்த வருசம் எங்கயோ ஒரு மரகதம், சாயங்காலத்துல, முட்டையை வெளிய எடுத்து அடுக்கிட்டு, தொண்ணூத்தி ஒண்ணைப் பாத்துக்கிட்டு நிப்பாங்க. ச்சை. கோவம் போவல, அதுக்குப் போறதுக்கு எடந்தான் மாறிருச்சு. பத்தாவது வெர்ஷனைப் போட்டு ஓட விட்டாரு, மூணு மணி அஞ்சு நிமிசம். பழைய செவப்புத் திரையை மூடாம ஒதுக்கி வெச்சாரு. அப்பறம் போனை எடுத்தாரு. "பவதாரிணி, கீழ லேபுக்கு ஒரு நிமிசம் வாம்மா. ஆமா. இல்ல, ஓடல. அதுக்குத்தான் கூப்பிடறேன்."

வந்துச்சு. கையில ஒரு டம்ளர் காபி, அவருக்கும் சேத்து இன்னொண்ணு, அதைப் பாத்ததும் அவருக்கு இன்னும் ஒரு சுத்து கூசிப் போச்சு. செவப்பு வரியைப் படிச்சுது. மறுபடி படிச்சுது. "இந்த லைன் யாரு சார் போட்டது?" நாந்தான். மூணு வருசம் ஆச்சு. சிரிக்கும்னு எதிர்பாத்தாரு, கழுத்தைச் சாய்க்கும்னு எதிர்பாத்தாரு. அது நாக்காலியை இழுத்துப் போட்டு ஒக்காந்து, "அப்ப மூணு வருசமா அந்த அஞ்சு சும்மாதான் நின்னுட்டு இருந்துச்சா"ன்னுச்சு. சும்மாதான். "என்னோட இருபத்தெட்டு மாதிரியே." அதை ஏம்மா நீயே சொல்ற, நான் சொல்லலாம்னு வெச்சிருந்தேன்னாரு. இப்பச் சிரிச்சுது. சிரிச்சுட்டு, "ரெஜினால்டு சார் மூணரைக்கே பூட்டறேன்னு சொல்லிட்டு இருந்தாரு சார். கொஞ்சம் பொறுங்கன்னு சொல்லிட்டு வந்தேன்"ன்னுச்சு. என்னன்னு சொன்ன? "பேசிக்கலி சார் நாலு மணிக்குத்தான் நாலு மணி ஆகும்னு சொன்னேன்." அந்தக் கையைச் சேத்து வெக்கிறது, அந்தப் புருவம், அச்சு அசலு ரெஜினால்டு சாரு. இந்தப் பொண்ணும் கொரல் புடிக்குமாட்ட இருக்குதேன்னு திருமூர்த்தி டம்ளரை வாங்கிக்கிட்டாரு. காபி சூடா இருந்துச்சு, சக்கரை தூக்கல்.

ரெண்டு பேரும் திரையையே பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தாங்க. முப்பது. முப்பத்தெட்டு. இப்ப அவருக்குத் திட்டறதுக்கு ஆளே அகப்படல, அது ஒரு மாதிரி இருந்துச்சு, பஸ்சுல புடிச்சுட்டு வந்த கம்பியை யாரோ கழட்டிட்டுப் போன மாதிரி. பத்துலயும் நின்னா? நின்னா மரகதத்துக்கு என்ன சொல்றது. இங்கயே கட்டி அனுப்பலாம்னா அந்தக் கார்டு அங்கதான் இருக்குது. வண்டியை எடுத்துட்டுப் பரமத்தி வேலூருக்குப் போனா மூணு மணி நேரம், போயி என்ன பண்றது, விசிறி விசிறதா. ஏழாவது வெர்ஷன்ல வந்த வசதி பத்துல இருக்கத்தானே செய்யோணும். இருக்கும். இருக்கும்னுதான் அஞ்சையும் நெனச்சாரு. அந்தச் சனிக்கெழமைக்கப்பறம் வேற எத்தனை சனிக்கெழமை இருக்குதோ, எத்தனை அரிசிம்பருப்பு மத்தியானம், எந்தெந்த வரியோ. நெஞ்சுக்குள்ள அந்த ஆறாயிரம் மூக்கும் ஒண்ணாக் கொத்துன மாதிரி இருந்துச்சு. எழுபது. பவதாரிணி பேனா மூடியைக் கன்னத்துல தட்டறதை நிறுத்திருச்சு. எண்பத்தொம்பது. தொண்ணூறு. தொண்ணூத்தி ஒண்ணு வந்துச்சு, வந்தது நிக்காமத் தொண்ணூத்தி ரெண்டுன்னு மாறுச்சு. மூணு நாப்பத்தெட்டுக்கு நூறு. பச்சையா ஒரு வரி, ஒரு ஆரவாரமும் இல்லாம.

"ஏழுன்னு போட்டுரலாமா சார்? புஸ்தகத்துல ஏழுதானே இருக்கு. இன்னும் நாலு பேர் பழசு வெச்சிருந்தாலும் உதவும்." ஏழுல நாம பாக்கலயேம்மா. "பாக்கலதான்." பத்து போடு. பத்துல ஓடறதைத்தான் நாம ரெண்டு பேரும் ஒக்காந்து பாத்தோம். நாளைக்கு ஒம்பதுல ஓட்டிப் பாரு, ஓடுனா ஒம்பதுன்னு மாத்து, அப்பறம் எட்டு. அது இருபத்தெட்டை அழிச்சுட்டுப் பத்துன்னு அடிச்சுது. மாத்துனதுக்குக் காரணம் என்னன்னு ஒரு பொட்டி கேட்டுச்சு, எப்பவும் கேக்கும், எல்லாரும் ‘சரி செய்யப்பட்டது’ன்னு அடிச்சுட்டுப் போவாங்க. திருமூர்த்தி விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து, ரெண்டு வெரல்ல, அஞ்சுன்னு இருந்தது ஓடவில்லை, இருபத்தெட்டு தேவையில்லை, பத்தில் முழுசாக ஓட்டிப் பார்த்தோம்னு அடிச்சு, கீழ ரெண்டு பேரு பேரையும் போட்டாரு. அதை அனுப்பறப்ப மூணு அம்பத்தி மூணு. மேல மாடியில ரெஜினால்டு சாரு பூட்டுனது நாலுக்கு. பேசிக்கலி, நாலுக்கு.

மரகதம் ரெண்டாவது ரிங்குலயே எடுத்துட்டாங்க. பின்னால அந்த இரைச்சலு. "வந்துருச்சுங் சார், எறக்கிட்டனுங்க, இப்பத்தான் ஓட விடறேன். இருங்க." மூச்சு விடற சத்தம், கீபோர்டு சத்தம். வாசல்ல நிக்கறவனுக்கு என்ன கொரலு குடுக்கறதுன்னு திருமூர்த்திக்கு இந்தத் தடவை ஒண்ணும் தோணல. "உள்ள விட்டுருச்சுங் சார். ஓடுது. ஒரு சதவீதம். ஏனுங், நான் வெச்சரட்டுங்களா, இங்க இது ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகுமுங்க." வேண்டாங்க மரகதம், வெக்காதீங்க, போனை அப்பிடியே மேசை மேல வெச்சிருங்கன்னாரு. "எதுக்குங் சார்?" முடியற வரைக்கும் நான் இருக்கறேன். அங்க போனை மேசையில வெக்கிற சத்தம் கேட்டுச்சு. "சரிங்," அப்பிடின்னாங்க, "ரெண்டு சதவீதம் ஆயிருச்சுங்." பவதாரிணி காபி டம்ளரை எடுத்துட்டு எந்திரிச்சது, அவரு மொகத்தைப் பாத்துட்டு, திரும்ப ஒக்காந்துச்சு. திருமூர்த்தி போனை ஸ்பீக்கர்ல போட்டு ரெண்டு பேருக்கும் நடுவுல வெச்சாரு.